விழுங்கிய பொத்தானும் ஆயம்மாவின் உலகச் செய்திகளும்

இறுக மூடியிருந்த அந்தச் சின்ன வாய் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நான், மதியம் பால் கொடுப்பதற்காக மலையிலிருந்து இறங்கிப் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை அது. குளிருக்காக என் மகன்மேல் அவன் அப்பாவின் பழைய கோட்டைப் போர்த்தியிருந்தேன். அதில் ஒரு பித்தளைப் பொத்தானைக் காணோம். அறுந்த நூல் மட்டும் எச்சிலில் நனைந்து தொங்கியது. தொட்டிலை உதறினேன், தரையெல்லாம் தடவினேன். அவன் எதையோ விழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அந்தக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் எல்லோரும் ஆயம்மா என்றே கூப்பிட்டோம். அவருடைய கணவர் தோட்டத் துரையின் பங்களாவில் சமையற்காரர். துரைசாணி பார்த்துவிட்டுப் போடும் வெளிநாட்டுப் படப் பத்திரிகைகளை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஆயம்மாவுக்கு எந்த மொழியிலும் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. கணவர் படத்தைக் காட்டிச் சொன்னதை மனதில் வைத்திருந்து, பால் கொடுக்க வரும் எங்களுக்குச் சொல்வார். மாதக்கணக்கில் இருட்டாத ஊர் இருக்கிறதாம். கறுப்புக் கோட்டுப் போட்ட துரைமார் மாதிரி வரிசையாக நடக்கும் பறவைகள் இருக்கின்றனவாம். வள்ளத்திலேயே பிறந்து, வள்ளத்திலேயே கல்யாணம் முடித்து, கரையில் வீடே இல்லாமல் வாழும் சனங்கள் உண்டாம். ஒரு நாயை ஆகாயத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவர் சொன்ன அன்று, சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. பிறகு ஹட்டன் டவுனுக்குப் போய்வந்தவர்கள் அது நிஜந்தான் என்றார்கள். அப்படியும் அவருக்குப் ‘புளுகு ஆயா’ என்று நாங்கள் வைத்த பெயர் போகவில்லை.

அந்த ஆயம்மாதான், மகனின் தொண்டைக்குள் விரலை விடப்போன என் கையை எட்டிப் பிடித்தார்.

“விடுங்க ஆயம்மா! புள்ள பொத்தான முழுங்கிட்டான். வாந்தி எடுக்க வைக்கணும்.”

“விரல விடாத தாயி. வர்ற வழியில நெஞ்சுல சிக்கிக்கிட்டா என்னா பண்ணுவ? இங்க பாரு, அழுவுறான், மூச்சு நல்லா வருது. உள்ளுக்குப் போயிருச்சு. சீமையில ஒரு புள்ள இப்பிடித்தான் சாவிய முழுங்கிருச்சு. டாக்டருங்க ஒண்ணுமே செய்யல. அது பாட்டுக்கு வெளிய வந்துருச்சு.”

அந்த நேரத்திலும் ஒரு சீமைக் கதை! எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோட்டத்து டாக்டர் ஐயா அடுத்த டிவிசனுக்குப் போயிருந்தார். என் கணவர் மலை உச்சியில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். கேட்க வேறு ஆளில்லை. புளுகி என்று நாங்கள் சிரித்த ஒருத்தியின் பேச்சை நம்பி என் பிள்ளையை விடுவதா? என் கையை அவர் விடவே இல்லை. முகத்தில் கொஞ்சமும் கலவரமில்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் என் விரல் மடங்கியது.

மாலையில் டாக்டர் ஐயா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “வாந்தி எடுக்க வைக்காதது நல்லதாப் போச்சு. சாதாரணமா சாப்பாடு குடுங்க. வயித்துவலி, வாந்தி ஏதும் வந்தா உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும். இல்லாட்டி தன்னால வந்துரும்” என்றார். அதன்பிறகு வந்த நாட்களில் நான் கொழுந்தைப் பார்த்துப் பறிக்கவில்லை. கை பறித்தது, கண் கீழே காம்பராவின் தகரக் கூரையிலேயே இருந்தது. அவன் சிணுங்கினால் வயிறு வலிக்கிறதோ என்று பயம். சிணுங்காமல் தூங்கினால் அதைவிடப் பயம்.

ஒரு காலை, பனி முழுதாக விலகுவதற்குள், ஆயம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவந்தார். “வந்துருச்சுடி! வெளிய வந்துருச்சு!” என்ற சத்தம் மலைமுழுக்கக் கேட்டது. வேலை நேரத்தில் என்ன கூச்சல் என்று அதட்ட வந்த கங்காணி, ஆயம்மா கழுவித் துடைத்துக் கையில் வைத்திருந்த பொத்தானைப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து நிரையில் நின்றவர்கள் ஓடிவந்து கூடையைக் கழற்றினார்கள்.

அன்று மதியம் பால் கொடுத்துக்கொண்டே கேட்டேன். “ஆயம்மா, அந்தச் சீமைப் புள்ளைக்கு எத்தன நாள் கழிச்சு சாவி வந்துச்சாம்?”

அவர் வெற்றிலையை மடித்தபடி வாசலைப் பார்த்தார். “யாருக்குத் தெரியும் தாயி? அந்தப் படத்தப் பத்தி ஏ வூட்டுக்காரரு ஒண்ணுஞ் சொல்லல. ஒரு புள்ள, பக்கத்துல சாவி, ஒரு டாக்டரு. அவ்ளோதான் இருந்துச்சு. ஆனா புள்ள சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு. பொழைச்சதாலதான சிரிக்குது?”

ஒரு நொடி எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். தொட்டில்களில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் விழித்து அழத் தொடங்கும்வரை இருவரும் சிரித்தோம். அதற்குப்பின் அவரை அந்தப் பட்டப்பெயரால் யாரும் கூப்பிடவில்லை. புதுச் செய்தி இல்லாத நாட்களில் பழையதையே மறுபடி சொல்லச் சொல்லி நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டோம்.

ஆயம்மா போய் வெகுகாலமாகிறது. என் மகனுக்குத் தலை நரைத்துவிட்டது. உலகத்து அதிசயங்களெல்லாம் இப்போது அவன் கைபேசியில் வருகின்றன. வேலை முடிந்து வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கோ கடலுக்கடியில் கண்டெடுத்த ஊரையோ, இரண்டு தலைப் பாம்பையோ காட்டிப் படித்துச் சொல்வான்.

“ஏம்மா, படத்தப் பாக்காம என் வாயவே பாக்குறீங்க?” என்று நேற்றும் கேட்டான்.

“கேட்டுக்கிட்டுத்தாம்பா இருக்கேன். நீ சொல்லு” என்றேன்.