அரை மாத்திரை

எழுத்துக்கும் நேரக் கணக்கு உண்டு. கண் ஒருமுறை இமைத்தால் ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. பள்ளிப் பிள்ளைகளின் தமிழ் நோட்ஸில் ஆண்டுதோறும் இந்த வரிகளைப் பிழை பார்ப்பது என் வேலை. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பதிப்பகம். கீழே இரும்புக் குழாய்களை இறக்கும் சத்தம், பஸ் ஹாரன். மேலே நாங்கள் இருபத்துமூன்று பேர், ஒற்று மிகுமா மிகாதா என்று குனிந்துகொண்டு.

பக்கம் வடிவமைக்கும் அவளுக்கு என் எதிர் மேசை. என்னைவிடப் பத்து வயது இளையவள். முடிச்சூரில் வீடு. வெள்ளத்தில் ஜன்னல் வரை மூழ்கி எழுந்த வீடு. அதற்குப் பிறகு மழை என்றால் அவளுக்குத் தூக்கம் போயிற்று. நாளடைவில் மழை இல்லாத நாட்களிலும் போயிற்று. நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். டாக்டர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் அது எனக்கு மட்டும் தெரியும்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டு, மாத்திரையின் நடுக்கோட்டில் நகத்தை வைத்து முறிப்பாள். ஒருநாள் காலையிலிருந்து நாங்கள் இருவரும் அந்த மாத்திரைப் பாடத்தில்தான் கிடந்தோம். மதியம் அவள் அதை முறித்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ மெய்யெழுத்துடி. அரை மாத்திரை."

அவள் சிரித்தாள். "அப்ப நீங்க நெடிலா அக்கா? ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்ல."

கை கழுவ வந்த பொறுப்பாளர் காதில் அது விழுந்துவிட்டது; அவள் விரலிலிருந்த மாத்திரையும் கண்ணில் பட்டது. வேலையைப் பிரித்துக் கொடுப்பவர் அவர். எங்கள் பக்கங்கள் அவர் மேசையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும்.

மறுநாள் அறையின் நடுவில் நின்று கேட்டார். "என்னம்மா அரை மாத்திரை, மூணாவது பாடம் ரெடியா?"

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன?

பிறகு அதுவே அவள் பெயராயிற்று. பக்கத்தில் எண் மாறியிருந்தால், "முழுசா ஒண்ணு போட்டுட்டு வந்து உக்காரும்மா" என்பார். ஒருநாள் அவள் விடுப்பு எடுத்தபோது வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "அரை மாத்திரை இன்று ஓவர் டோஸ்." கீழே வரிசையாகச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். அவற்றில் என்னுடையது இல்லை. ஆனால் என்னுடைய ஒரு சொல்லும் அங்கே இல்லை.

அவள் சாப்பிடும்போது மாத்திரையை எடுப்பதை நிறுத்தினாள். கேட்டால் "பஸ்ல போட்டுக்கறேன்க்கா" என்றாள். பிறகு அதுவும் இல்லை. ஒரு காலை, மவுஸின் மேல் அவள் கை, ஈரச் சிறகு போல, அடங்காமல் நடுங்கியது.

"நின்னுடலாம்னு இருக்கேன்க்கா," என்றாள். "ஆனா அடுத்த ஆபீஸ் போனாலும் மாத்திரை வேணுமே. அங்கயும் பேர் வெப்பாங்கதானே?"

தண்ணீர் கேன் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குறைதீர்க்கும் குழு. இருபது பேர் வேலை செய்தால் அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று முதலாளியின் வக்கீல் சொல்லி ஒட்டியது. முதலாளி தரப்பில் இருவர், எங்கள் தரப்பில் இருவர். நான்காவது பெயர் என்னுடையது. ஒட்டுவதற்கு முன் அந்தத் தாளில் ஒரு சந்திப்பிழையைத் திருத்திக் கொடுத்திருந்தேன். என் கடமை அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

"எழுதிக் குடு," என்றேன் அவளிடம்.

பழைய புரூப் தாளின் பின்பக்கத்தில் எழுதி வந்தாள். 'எல்லார் முன்னாடியும் அரை மாத்திரைன்னு கூப்பிடறார். நான் இப்ப மாத்திரை போடறதில்ல. பயமா இருக்கு.' என் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. 'அரை மாத்திரைன்னு கூப்பிடறார்' என்பதை அடித்து, 'தகாத சொல்லால் அழைக்கிறார்' என்று மேலே எழுதினேன். 'பயமா இருக்கு' என்பது 'மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்' ஆயிற்று.

வாசித்துப் பார்த்தாள். "நல்லா இருக்குக்கா. ஆனா யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு."

பேனாவை மூட முடியவில்லை. நடையைத்தான் திருத்தினேனா, என் சொல்லை மறைத்தேனா? தெரியவில்லை. இன்றும் தெரியாது. எங்கள் தொழிலில், தவறாக அடித்துவிட்ட சொல்லுக்குக் கீழே புள்ளி புள்ளியாக வைத்தால், அது அப்படியே இருக்கட்டும் என்று பொருள். வைத்தேன். அவள் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே.

விசாரணை முதலாளி அறையில் நடந்தது. கட்டடம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். கடிதத்தைப் புள்ளிகளோடு படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா சார் இது?"

"இலக்கணம் சார்," என்றார் பொறுப்பாளர். "நம்ம புக்குலயே இருக்கு. சும்மா ஜாலிக்கு."

நான் குழுவுக்குப் போட்டிருந்த நாற்காலியிலிருந்து எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இன்னிக்கு நான் குழுவுல இருக்க முடியாது சார். அந்த வார்த்தையை முதல்ல சொன்னது நான்தான். சாட்சியா எழுதிக்கங்க."

"பாத்தீங்களா சார்? அவங்க சொன்னா ஜோக், நான் சொன்னா குத்தமா?"

அவள் பொறுப்பாளர் பக்கம் திரும்பினாள். "அக்கா சொன்னப்ப மாத்திரை என் கையில இருந்துச்சு சார். சிரிச்சுகிட்டே போட்டுக்கிட்டேன். நீங்க சொல்ல ஆரம்பிச்சப்பறம் நான் அதைப் போடவே இல்ல."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"வேல செய்ற எடத்துல இந்த மாதிரி நடந்து ஒருத்தருக்கு மனசு கெட்டுப்போனா அதுவும் உன் தலையிலதான் விடியும்னு வக்கீல் சொல்லிகினேதான் கீறாரு. நான் பேப்பர ஒட்டிட்டா போதும்னு இருந்துட்டேன்." பிறகு அவளைப் பார்த்து, "நீ தைரியமா இரும்மா."

அவளுடைய பக்கங்கள் இனி நேராக என்னிடம் வரும். அவள் உடம்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது. எழுதிய அதே வாட்ஸ்அப் குழுவில் பொறுப்பாளர் மன்னிப்பு எழுத வேண்டும். இவ்வளவுதான் முடிவு.

மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். எங்கள் அலுவலகத்தில் என் சிவப்பு மை படாமல் எதுவும் வெளியே போகாது. அந்தப் பழக்கம் அவரையும் கொண்டுவந்திருந்தது. தாளில் ஒரே வரி: 'யாருடைய மணமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்.'

மணத்தை மனமாக்கினேன். 'புண்பட்டிருந்தால்' என்ற சொல்லில் பேனா நின்றது. பிறகு வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'நான் சொன்ன சொல்லால் நம் பக்க வடிவமைப்பாளரின் மனம் புண்பட்டது. வருந்துகிறேன்.'

"அதுல பிழை ஒண்ணும் இல்லையே மேடம்?"

"இலக்கணப்படி இல்ல சார்."

தாளை எடுத்துக்கொண்டு போனார். திருத்தியபடியே அனுப்பினார்.

அடுத்த வாரம் ஒரு மதியம். சாப்பிட்டு முடித்து அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நடுக்கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினாள். 'ட்' என்று ஒரு சின்னச் சத்தம், ஒரு மெய்யெழுத்தின் அளவுக்கு. எனக்குக் கேட்டது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.