வாந்திப் பை

எனக்கு விமானப் பணிப்பெண் வேலை கிடைத்த அன்று அத்தை கேட்டது ஒன்றுதான்: "வானத்துல பறந்தா மட்டும் என்ன, எச்சில் தட்டு எடுக்குற வேலைதானே?" மன்னார்குடிப் பக்கம் ஒரு வேலி நிலம் வைத்திருப்பவரின் வாயை யார் அடைப்பது? தன் அக்கா சொல்லிவிட்டாள் என்று அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டார்.

சென்ற ஆண்டு மகளின் பிரசவத்துக்காக அத்தை திருச்சியிலிருந்து சிங்கப்பூர் கிளம்பினார். அன்று அந்த விமானத்தில் எனக்குத்தான் வேலை. வாசலில் நின்று வணக்கம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

மேகத்துக்குள் விமானம் குலுங்கியதும் அத்தைக்குக் குமட்டியது. ஓடிப்போய்ப் பையைப் பிடித்தேன். காலையில் தின்ற இட்லி பாதி பைக்குள்ளும் பாதி என் கையிலும் விழுந்தது. அவர் வாயைத் துடைத்தேன், புடவையைத் துடைத்தேன். குலுக்கல் நிற்கும்வரை அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த அதிராம்பட்டினத்துப் பெரியவர், "இவ்வளவு பார்த்துக்குதே, தெரிஞ்ச பொண்ணுங்களா?" என்று கேட்டார்.

"சேச்சே, யாரோ வேலைக்காரப் பொண்ணுங்க," என்றார் அத்தை.

பயணிகளிடம் பல்லைக் கடிக்கக் கூடாது, சிரிக்க வேண்டும் என்பது எங்கள் வேலையின் விதி. சிரித்தேன்.

இந்தத் தையில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு நான் கூடத்துக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா என் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"பிளேன்ல நானே கண்ணால பார்த்தேங்க. கண்டவங்க வாந்தியெல்லாம் இவதான் கையில ஏந்துறா, பாவம்."