கொடியில் காய்ந்த சாரம்

என்னைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் இலேசில் நம்புகிறவள் இல்லை. ஒரு வீட்டு வாசலில் நான் இறங்கிய கையோடு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தால், நான் வருவதை இவர்களுக்கு யார் சொன்னது என்றுதான் யோசிப்பேன். கூட்டத்தில் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால், முதல்நாளே கூடிப் பேசிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்வேன். கொழும்பிலிருந்து அழைத்து என் வேலையைப் பாராட்டினால், அடுத்து எதை என் தலையில் கட்டப் போகிறார்கள் என்று காத்திருப்பேன். இந்தக் குணத்தோடு எவனோடும் குடித்தனம் நடத்த முடியாது என்று அம்மா சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார். ஆனால் தொண்டு நிறுவன வேலைக்கு இது நல்ல குணம். இதை வைத்துத்தான் நான் மேலே வந்தேன்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வெளிக்கள உத்தியோகத்தராக வந்தபோது எனக்கு ஒரு ஸ்கூட்டியும் ஒரு கட்டு படிவங்களும் தந்தார்கள். அந்த வருடம் நாங்கள் குடும்பங்களுக்கு ஆடு கொடுத்திருந்தோம். ஆடுகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் போன நான், மூன்று வீட்டில் ஒரே ஆட்டைக் கண்டேன். வலது காது கிழிந்த வெள்ளாடு. நான் படலையைத் தாண்டிப் போகும்போதே அதை வேலியில் பிரித்து வைத்த பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான்காவது வீட்டில் அது எனக்கு முன்பே வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அதோடு அலுவலகத்தில் என் பெயர் எடுபட்டது. எங்கே சிக்கலான பட்டியல் இருந்தாலும் "ஆட்டைப் பிடிச்ச மிஸ்ஸை அனுப்புங்கோ" என்றார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு வீட்டுத்திட்டம் வந்தது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு மட்டும் நிரந்தர வீடு. கணவர் இறந்திருக்க வேண்டும், காணாமல் போயிருக்க வேண்டும், அல்லது பிரிந்து போயிருக்க வேண்டும். படிவத்தில் அதற்கு மூன்று பெட்டிகள். ஆள் வீட்டில் இருந்தால் வீடு இல்லை. விதி இவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு விதிக்காகவே ஊரில் எத்தனையோ கணவர்மார் பரிசோதனை நாளில் மாமியார் வீட்டில் ஒளித்திருந்தார்கள் என்று எனக்கு நிச்சயம். அந்தப் பட்டியலைச் சரிபார்க்கிற பொறுப்பை என்னிடம் தந்தார்கள். அதை நன்றாகச் செய்தால் திட்ட முகாமையாளர் பதவி எனக்கு என்று மேலாளர் வாயைத் திறந்து சொல்லாமலே சொல்லியிருந்தார்.

இப்படிப்பட்ட பரிசோதனையில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. எதையும் நேராகக் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வீட்டுக்காரி வரைக்கும் பதில் தயாராகிவிடும். படிவத்தில் உள்ளதை மட்டும் கேட்டு, மற்றதைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். வாசலில் எத்தனை சோடி செருப்பு, கொடியில் என்ன உடுப்பு, குசினியில் எத்தனை கோப்பை. இதை நான் புதியவர்களுக்கு வகுப்பாகவே எடுத்திருக்கிறேன்.

நாயாற்றுப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் பட்டியலில் இருந்தது. தாயும் மகளும். தாய்க்கு முப்பத்தைந்து இருக்கும். கரைவலை இழுக்கிற இடத்தில் கூலிக்கு நின்று, கிடைக்கிற மீனைக் கருவாடு போட்டு விற்று வாழ்ந்தார். மகளுக்குப் பன்னிரண்டு வயது. தகரக் கொட்டில், கூரையில் பொலித்தீன், அதற்கு மேல் பறக்காமல் இருக்க இரண்டு பழைய டயர். கணவர் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "காணேல்லை மிஸ்" என்றார். அந்தப் பெட்டியில் சரி போட்டேன்.

போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கொடியில் ஒரு சாரம் காய்வதைக் கண்டேன். ஆண்கள் கட்டுகிற நீலக் கோடு போட்ட சாரம். பழையதும் இல்லை, சாயம் மங்காத புதுச் சாரம். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. வாசற்படியின் இடப்பக்கம் ஆண்கள் போடுகிற பெரிய செருப்பு ஒரு சோடி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வாகனச் சாரதியிடம், முல்லைத்தீவில் சாப்பிட்டுவிட்டு இதே வீட்டுக்குத் திரும்பி வருவோம் என்று சொன்னேன். பின்னேரம் சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கியபோது வீட்டில் யாரும் இல்லை. ஆனால் காலையில் படியின் இடப்பக்கம் இருந்த செருப்பு இப்போது வலப்பக்கம் இருந்தது. அதை யாரோ போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். எனக்கு ஆட்டைப் பிடித்த அன்று வந்த அதே சந்தோசம் வந்தது. உள்ளதைச் சொன்னால், கெட்ட சந்தோசம்.

'வீட்டில் ஆண் ஒருவர் வசிப்பதற்கான தெளிவான ஆதாரம் உண்டு. நீக்கப் பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவருடைய பெயர் பட்டியலிலிருந்து வெட்டப்பட்டது. மூன்று மாதத்தில் நான் திட்ட முகாமையாளர். மேலாளர் ஒரு கூட்டத்தில் அந்தச் செருப்புக் கதையைச் சொல்லி, பரிசோதனை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகு நான் வேகமாக ஏறினேன். எனக்கென்று வாகனம் கிடைத்தது, தனி அறை கிடைத்தது, கூட்டங்களில் கடைசியாகப் பேசுகிற இடம் கிடைத்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு மாங்குளத்தில் ஒரு கிளை திறந்து அதை என் பொறுப்பில் விட்டார்கள். சந்தியிலிருந்து சற்று உள்ளே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தேன். இரண்டாவது கிழமையே மோட்டார் சைக்கிள் ஒன்று என் படலைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் போகத் தொடங்கியது. ஒருநாள் காலையில் படலைக் கொழுக்கி கழன்று கிடந்தது. காற்றுக்குக் கழன்றிருக்கலாம் என்றார் வீட்டுக்காரர். நான் அதை நம்பவில்லை. பொலிசில் போய்ச் சொல்வதற்கும் கையில் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் பத்துப் பேரை ஆட்டுவிக்கிற எனக்கு வீட்டுக்குப் போகப் பயமாக இருந்தது.

என் சாரதிக்கு மட்டும் இதைச் சொன்னேன். அவர் முல்லைத்தீவு முஸ்லிம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து, வயது வந்த பிறகு ஊருக்குத் திரும்பியவர். என்னோடு ஆறு வருடமாக ஓடுகிறார், தேவையில்லாமல் ஒரு கதை கதைக்கமாட்டார். மறுநாள் ஒரு கடதாசிப் பையைத் தந்தார். உள்ளே அவருடைய பழைய சாரம் ஒன்றும் ஒரு சோடி செருப்பும்.

"இதைத் தோய்ச்சுக் கொடியில போடுங்கோ மெடம். ஆம்பிளை இருக்கிற வீடெண்டு நினைக்கட்டும். முகாமில எங்கட உம்மாவும் இப்பிடித்தான் செய்தவ."

சாரத்தை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தேன். அன்றைக்கு நாயாற்றில் அந்தக் கொடியை அவரும் பார்த்தாரா என்று கேட்டேன். "ஓம்" என்றார். அவர் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு, சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். இவருக்கும் அந்த வீட்டுக்கும் என்ன தொடர்பு என்றுதான் கிண்டியிருப்பேன்.

அந்தக் கிழமையே நாயாற்றுக்குப் போனேன். கொட்டில் அங்கேயே இருந்தது. டயர்கள் இரண்டு நான்காகியிருந்தன. நான் வெட்டிய பிறகு நான்கு மாரி அந்தத் தகரத்தின் மேல் பெய்திருக்கிறது. மகள் வளர்ந்து தாயின் உயரத்துக்கு வந்திருந்தாள். தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டு கதிரையைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதையிலும் ஏதாவது இருக்குமோ என்று என் புத்தி தேடியதை மறைக்கமாட்டேன். கொடியில் அன்றைக்கும் ஒரு சாரம் கிடந்தது. இந்த முறை பச்சைக் கோடு, அதுவும் புதியது.

என் வீட்டுக் கொடியிலும் இப்போது ஒன்று கிடக்கிறது என்று நான்தான் முதலில் சொன்னேன். பழைய சாரமா என்று அவர் கேட்டார். ஓம் என்றேன். பழையது ஒருவரையும் ஏமாற்றாது என்றார். வெயிலில் கிடந்து வெளுத்தால் ஊருக்கே விளங்கிவிடுமாம். வருசத்துக்கு ஒன்று புதிதாக வாங்க வேண்டும், செருப்பையும் ஒரே இடத்தில் விடக்கூடாது, வெளியே போகும்போதெல்லாம் இடம் மாற்றி வைக்க வேண்டும் என்றார். மகள் பெரியபிள்ளையான நாளிலிருந்து இப்படித்தான் செய்கிறாராம். நான் ஆதாரம் என்று எழுதிய ஒவ்வொன்றையும் அவர் எனக்குப் பாடமாகச் சொல்லித் தந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லையே மிஸ். பாத்தனீங்கள், எழுதினனீங்கள்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. அவருக்கு முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டேன்.

வீட்டுத்திட்டத்தின் அடுத்த கட்டம் அப்போது தொடங்கியிருந்தது. வெட்டப்பட்ட பெயரைத் திரும்பச் சேர்க்கலாம், ஆனால் காரணம் எழுதிப் பயனாளியின் கையெழுத்தும் வாங்க வேண்டும். நான் கொழும்பிலுள்ள மேலாளரை அழைத்து விசயத்தைச் சொன்னேன். நிகழ்ச்சித்திட்டப் பணிப்பாளர் பதவிக்கு நான் விண்ணப்பித்திருந்த நேரம் அது. அவர் என் நன்மைக்காகத்தான் கதைத்தார், அல்லது அப்படித்தான் எனக்குக் கேட்டது. பழைய பரிசோதனை பிழை என்று எழுத வேண்டாம் என்றார். பிறகு நான் வெட்டிய எல்லாப் பெயரையும் தோண்டுவார்களாம். 'குடும்ப நிலை மாறியுள்ளது, உடனிருந்த ஆண் பிரிந்து சென்றுவிட்டார்' என்று எழுதினால் எல்லோருக்கும் நல்லது என்றார். வீடு கிடைத்தால் போதுமே என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அப்படியே தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு நாயாற்றுக்குப் போனேன்.

தாய் அதை அவசரப்படாமல் வாசித்தார். நான் பேனையை நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் வாங்கவில்லை. கடதாசியை மடித்து என் மடியில் வைத்தார்.

"இல்லாத ஆள் எப்பிடி மிஸ் விட்டிட்டுப் போவான்? என்ர மனுசனைக் காணேல்லை. அதைத்தான் நான் எல்லா இடத்திலயும் எழுதிக் குடுத்திருக்கிறன். வேற ஒருத்தன் இருந்தவன் எண்டு நான் கையெழுத்து வைச்சா, நாளைக்கு அவர் வந்து கேட்டா என்ன சொல்லுறது? வீடு வேண்டாம்."

மகள் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூரைப் பொலித்தீன் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பெண் இன்னொரு மாரியையும் இந்தத் தகரத்துக்குக் கீழே கழிக்கத் தயாராக இருந்தார். நானோ ஒரு பதவிக்காக அவருடைய கணவரை இரண்டாம் தடவையும் காணாமல் ஆக்க வந்திருந்தேன். எனக்கு என்மேல் வந்த அருவருப்பை என்னவென்று சொல்ல. அந்தக் கதிரையிலேயே இருந்து, அதே தாளின் மறுபக்கத்தில் கையால் எழுதினேன். முன்னைய பரிசோதனையில் ஆதாரம் என்று குறிப்பிட்டவை பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட பொருட்கள். அவற்றைப் பற்றி நான் பயனாளியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிழை என்னுடையது. எழுதி முடித்து நான்தான் முதலில் கையெழுத்து வைத்தேன். அவர் வாசித்துவிட்டு என் பேனையை வாங்கினார்.

மேலாளர் சொன்னது நடந்தது. நான் வெட்டிய பெயர்களை எல்லாம் தோண்டினார்கள். அதில் இன்னும் மூன்று வீடுகள் இதேபோலத் திரும்ப வந்தன. பணிப்பாளர் பதவி தெற்கிலிருந்து வந்த வேறொருவருக்குப் போனது. நேர்முகத்தில் அவர் என்னைவிட நன்றாகச் செய்ததாகச் சொன்னார்கள். அதை நான் இன்றுவரை நம்பவில்லை.

போன மாசி மாதம் அந்த வீட்டைத் திறந்தார்கள். பங்குச் சுவாமியார் வந்து தண்ணீர் தெளித்துச் செபித்தார். புதுக் கதவில் உள்ளேயிருந்து பூட்டுகிற திறாங்கு இருந்தது. மகள் அதைப் போட்டுப் போட்டுத் திறந்தாள். புதிய பணிப்பாளரும் வந்திருந்தார், தமிழ் நன்றாகக் கதைப்பார். சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தவர் வீட்டின் பக்கவாட்டில் நின்றுவிட்டார். அங்கே கொடியில் சிவப்புக் கோடு போட்ட சாரம் ஒன்று, சாயம் மங்காதது, ஈரத்தோடு கிடந்தது. கதவு வந்ததற்காகத் தாய் பழக்கத்தை விட்டுவிடவில்லை. பணிப்பாளர் என் பக்கம் குனிந்து, இது பெண் தலைமைத்துவக் குடும்பம்தானே என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவா அங்கதான் தேத்தண்ணி ஊத்திறா சேர். அவாவிட்டயே கேளுங்கோ" என்றேன்.

அவர் சிரித்தார். கேட்கவில்லை. கைபேசியை எடுத்துக் கொடிக்கு நேரே பிடித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், அது என்னுடையது. நான் போய்க் கொடிக்கும் கைபேசிக்கும் நடுவில் நின்றேன். விலகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் விலகவில்லை. அவர் எடுத்த படத்தில் நான்தான் நிற்கிறேன், சாரம் தெரியவில்லை.