வீரனைக் கரைக்கு இழுப்பது எப்படி

என் கதைகளில் மாவீரர்கள் மந்திரத்துக்கு வருவதில்லை, கயிற்றில்தான் வருவார்கள். ஏன் இப்படி என்று வாசகர்கள் கேட்டால் என் மச்சாளைத்தான் கைகாட்டுவேன்.

அது சண்டைக் காலம். மோட்டர் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போன அண்ணனைச் சோதனைச் சாவடியில் பிடித்துப் பொலிஸ் நிலையமொன்றில் வைத்திருந்தார்கள். அவருடைய மனைவியான மச்சாளும் நானும் உடப்புக் கடற்கரையில் கருவாடு காயவைத்தபடி, விடுவார்களா மாட்டார்களா என்று காத்திருந்தோம். மனதை ஆற்ற நான் கதை கட்டினேன். வேறோர் உலகம், அங்கே மந்திரம் சொன்னால் பழங்கால வீரர்கள் எழுந்து வருவார்கள்.

"கூப்பிட்ட உடன வர அவனென்ன வீட்டு நாயா? கரைவலையே இருபது பேர் இழுத்தாத்தான் வருது," என்றாள் மச்சாள்.

அதற்குப் பிறகு சட்டமெல்லாம் அவளுடையதுதான். வீரன் ஆழத்தில் கிடக்கிறான். ஊரே கயிறு பிடித்து, வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டைப் பாடி இழுக்க வேண்டும். பாட்டு நின்றால் பாதி வழியில் திரும்பிவிடுவான். கயிற்றில் கைவைத்த எல்லோருக்கும் அவனில் பங்குண்டு. ஆகவே பகைவனை முடித்த கையோடு எல்லார் வீட்டுக்கும் விறகு கொத்த வேண்டும். சில நாள் வலையில் வீரனுக்குப் பதில் தொட்டால் அரிக்கிற வெறும் ஜெல்லிமீன், எங்கள் பேச்சில் சொறிமுட்டை, அதுதான் வரும். அன்றைக்கும் இழுத்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தாக வேண்டும்.

ஆனால் அண்ணனை மீட்க எந்த வீரனும் அவளுக்குச் சரிவரவில்லை. மலையைத் தூக்கியவனுக்கு ஆர் சோறு வடிக்கிறது என்றாள். பொய்யே பேசாதவனைக் கூட்டிப்போனால் இருக்கிற கேசும் பெருத்துவிடும் என்றாள். கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவனை நான் பெருமையாக முன்வைத்தேன்.

"அவனிட்ட அடையாள அட்டை இருக்கோ?"

"கண்ணுக்கே தெரியாதவனிட்ட ஆர் கேக்கிறது?"

"சாவடியில கேப்பாங்கள். உனக்கு அவங்களைத் தெரியாது."

மறுநாள் காலை விறுவிறென்று வலைக்காரரிடம் போனாள். "இண்டைக்கு வலை வேண்டாம். என்னோட வாங்கோ," என்றாள். அண்ணனும் அந்தக் கயிறு இழுத்தவர்தான். எல்லோரும் கயிற்றைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியும் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

பொலிஸ் முற்றத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. வரிசையாக நின்றால் வலைக்காரருக்கு வாய் சும்மா இராது. ஒருவர் முணுமுணுக்க, மற்றவர்கள் எடுத்துப் பாட, அம்பா கூரையைப் பிய்த்தது. பொலிஸ் நிலையப் பெரியவர் வெளியே ஓடிவந்து, என்ன மந்திரம் போடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கத்தினார். சம்மாட்டி சிங்களத்திலேயே மன்னிப்புக் கேட்டு, இவன் எங்கள் வலைக்காரன், நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தார். பின்னேரம் அண்ணனை விட்டார்கள். தாடியும் எலும்புமாக வந்தவரைப் பார்த்து, "இதுக்கோ ஒருநாள் மீனை விட்டம்?" என்று ஒருவர் பகிடி விட்டார். மச்சாள்தான் பலமாகச் சிரித்தாள்.

திரும்பும் வழியில் சாவடி. எல்லோரும் இறங்கினோம். அண்ணன் இறங்கவில்லை, முன் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடியே இருந்தார். சிப்பாய் பஸ்ஸுக்குள் ஏறினான். மச்சாள் திரும்ப உள்ளே ஓடிப்போய் அண்ணனை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி வீரிட்டு அழுதாள். சிப்பாய் ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போனான்.

பஸ் வெளிக்கிட்ட பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. அவளுக்குப் பயமே இல்லை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.