தலைகீழாய்ப் போன வளைகோடு

யுத்த காலம். உயர்தரக் கணித வகுப்புக்காகத் தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு நான் போன பஸ்ஸை இராணுவத்தினர் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையிலிருந்த வரைபுத்தாளை ஒரு சிப்பாய் விரித்தான். மூலையில் கேள்விச் சமன்பாடு; நடுவில் மேலே ஏறி, வளைந்து, மறுபக்கம் இறங்கும் கோடு.

"ஷெல் குண்டு எங்க விழும்?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"கணக்கு, மாத்தயா." இருபடிச் சார்பை விளக்க என் சிங்களம் போதவில்லை. தமிழிலேயே அது எனக்கு முழுதாக விளங்கியதில்லை.

ஜீப்பைக் காட்டினான். இப்படி ஜீப்பில் ஏற்றப்பட்ட தமிழ்ப் பையன்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றவர்களின் வரிசையிலிருந்து வெள்ளைச் சீருடையில் ஒரு சிங்கள மாணவி, யாரும் கூப்பிடாமலே வந்து தாளை எட்டிப் பார்த்தாள்.

"கணக்குத்தான் அண்ணே. ஆனா பிழை. கேள்வியில இல்லாத மைனஸைப் போட்டிருக்கார். சரியாச் செஞ்சா கிண்ணம் மாதிரி வரும்," என்று பக்கத்திலேயே வரைந்து காட்டினாள்.

சிப்பாய் இரண்டையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இவன் ஷெல் அடிச்சா ஒருத்தனுக்கும் படாது. போ."

என் கணக்கு பிழை என்று சொன்னவர்கள் வாழ்நாளில் ஏராளம். துப்பாக்கிக்கு முன்னால், பென்சிலோடு வந்து நின்று சொன்னவள் அவள் ஒருத்திதான்.