கொஞ்சம் நவுந்துக்கோங்க

கணினியில் ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவை அழித்துக்கொண்டிருந்தபோது ஸ்டூடியோ போன் அடித்தது. ஸ்டூடியோ முதலாளி தணிகாசலம் அண்ணனின் மனைவி பேசினார். "உங்கண்ணன் போய்ட்டாரும்மா. காலைல நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சி" என்றார். சற்று நேரம் அழுதார். பிறகு, பேனர் வைக்க வேண்டும், அவர் போட்டோ ஒன்று எடுத்துவா என்றார்.

அப்போதுதான் உறைத்தது. கும்மிடிப்பூண்டியில் பாதிப் பேரைப் படமெடுத்த மனிதருக்குத் தன் படம் ஒன்றுகூட இல்லை. அலமாரி நிறைய நெகட்டிவ் இருந்தது. எல்லாம் தொழிற்பேட்டை. முள்செடியில் போய் முடிகிற தார் ரோடு, உள்ளே ஒன்றுமே இல்லாத காம்பவுண்டு சுவர், கம்பி இழுக்காத மின்கம்பங்கள், மண் அள்ளிய ஏரிப் பள்ளம். ஒன்றிலும் ஆள் கிடையாது. கடைசியில் அவருடைய வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினேன். சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல் நேரே பார்க்கிற முகம். அவரே எடுத்த படம் போல இருந்தது. அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

அவரிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். சிரிக்காத நாள் குறைவு. வாரம் ஆறு நாள் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம். ஞாயிறு காலை நாஷ்டா முடிந்ததும் மொபெட்டில் கேமரா ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு தொழிற்பேட்டைக்குக் கிளம்பிவிடுவார். உச்சி வெயிலில், எதிரே நின்று, நேராக எடுப்பார். சாயங்கால வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்து எடுக்கலாமே என்று ஒருமுறை யோசனை சொன்னேன். "ரோடு இன்னா கல்யாணப் பொண்ணா, சோடிக்கிறதுக்கு?" என்றார். ஆளையாவது நிறுத்தலாமே என்றதற்கு, "ஆளு வந்துட்டா அல்லாரும் ஆளத்தான் பாப்பாங்க. எடத்த யாரு பாக்கறது?" என்றார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார். நானும் அந்தக் கட்சிதான்.

ஒரு புதுத் தொழிற்சாலையின் திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளி, குடும்பம், பூஜை செய்த ஐயர் என எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தார். முடிந்ததும் "கொஞ்சம் நவுந்துக்கோங்க" என்றார். இன்னும் நல்ல படம் எடுக்கப்போகிறார் என்று நம்பி நகர்ந்தார்கள். இன்னும் கொஞ்சம் என்றார். அதற்கும் நகர்ந்தார்கள். முதலாளி மாலையும் கழுத்துமாக வாட்ச்மேன் அறைக்குள் போய் நின்ற பிறகு, ஆளில்லாத ஷெட்டை நிதானமாக எடுத்தார். அதையே ஆல்பத்தின் முதல் பக்கத்திலும் ஒட்டினார். முதலாளி ஆடிய ஆட்டத்துக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் இடம், தேதி, எந்தத் திசை பார்த்தது என்று எழுதவேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பேன்.

ஆரம்பாக்கம் பக்கத்தில் அவருடைய ஊர். அங்கே ஒரு கம்பெனி, சுடுகாட்டுப் பாதையை மறித்து சுவர் எழுப்பிவிட்டது. அந்த மழைக்காலத்தில் இறந்துபோன ஒரு கிழவியை, முழங்கால் சேற்றில் நெல் வயலுக்குள் இறங்கித்தான் தூக்கிப் போனார்கள். பாடை இரண்டு முறை சரிந்ததாம். ஊரே கொதித்துப்போனது. தாசில்தார் விசாரணை வைத்தார். அங்கே பாதை இருந்ததே இல்லை என்று கம்பெனி மேனேஜர் சாதித்தார். பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறோம் என்று ஊரார் கத்தினார்கள். ஆதாரம் கேட்டார் தாசில்தார்.

படப் பையோடு நானும் போயிருந்தேன். அண்ணன் ஒரு படத்தை மேசைமேல் வைத்தார். சர்வே கல், மொட்டைப் பனை, நடுவில் பாதை. பின்னால் என் கையெழுத்தில் சுவருக்கு மூன்று வருடம் முந்தைய தேதி, "தெற்குப் பார்த்தது".

மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஒரு ஆள்கூட இல்லையே, யார் நடந்தார்கள் என்று எப்படித் தெரியும் என்றார்.

"ஆளு நடக்காமயா சார் இவ்ளோ தேஞ்சிகீது?" என்றார் அண்ணன்.

தாசில்தார் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். புல் முளைக்காத வெள்ளைத் தரை, வண்டிச் சக்கரம் பதிந்த இரண்டு கோடு. பாதை இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே சுவரை இடித்து வழி விட்டார்கள். அன்றைக்கு ஊரே திரண்டு அந்த இடைவெளியில் நின்று, எங்களை ஒரு படம் எடு என்றது. அண்ணன் ஸ்டாண்டை ஊன்றினார். கண்ணை வைத்துப் பார்த்தார். "கொஞ்சம் நவுந்துக்கோங்க" என்றார். திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அத்தனை பேரும் நகர்ந்தார்கள்.

அவர் இறந்த மறுநாள் அந்த வழியாகவேதான் அவரைக் கொண்டுபோனார்கள். பறைக்கு ஊர்ப் பையன்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் கல்யாண ஊர்வலம் என்றே தோன்றும். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. சுவருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். மேளச் சத்தம் தூரமாகி, பனை தாண்டி மறைந்தது. மற்ற பெண்கள் குளிக்கத் திரும்பினார்கள். நான் அவருடைய கேமராவையும் ஸ்டாண்டையும் எடுத்துவந்து ஊன்றினேன்.

உள்ளே பார்த்தேன். இடைவெளி, பாதை, சிந்திய பொரி, பூ. ஓரத்தில் மட்டும் ஒரு முகம் துருத்திக்கொண்டிருந்தது. சுவரில் சாய்த்து வைத்த பேனர், அந்த வாக்காளர் அட்டை முகம்.

கிட்டே போய், "கொஞ்சம் நவுந்துக்கோங்கண்ணே" என்று சொல்லி, தூக்கி ஓரமாக வைத்தேன். திரும்பி வந்து நேராக எடுத்தேன்.

நேற்று பிரிண்ட் வந்தது. பின்னால் இடமும் தேதியும் எழுதிவிட்டேன், தெற்குப் பார்த்தது என்பதையும். போய் வாருங்கள் அண்ணே. படத்தில் ஒரு ஆள்கூட இல்லை.