குதிரைக் கொட்டகை இருந்த வளைவு

சிறுமலைக் காட்டுப்பாதையில் வழிகாட்டியின் பின்னால் ஏறிக்கொண்டிருந்தபோது, ஈரச் சாணமும் பழுத்த மலைவாழையும் கலந்த வாசனை வந்து என்னை நிறுத்தியது.

இந்த வளைவில்தான் முத்தக்காவின் குதிரைக் கொட்டகை இருந்தது. பஸ் வராத அந்தக் காலத்தில், கொள்ளு வேகும் ஆவிக்கு நடுவே வாழைத்தார்களைக் குதிரைமேல் ஏற்றிக் கட்டி, மணி குலுங்க அவர் திண்டுக்கல் சந்தைக்கு இறங்குவார்.

அம்மா மலைப்பள்ளியில் டீச்சர். சிறுமியான எனக்குக் காய்ச்சல் முற்றி நினைவு தடுமாறிய ஒரு காலையில், என்னைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினாள். முத்தக்கா ஏற்றிய தார்களை மளமளவென்று இறக்கினார்.

"சந்தைக்கு நேரமாச்சே அக்கா..."

"பழம் கெடக்கட்டும் டீச்சர். பிள்ளைய மொதல்ல ஆஸ்பத்திரில சேப்போம்."

பிடரிமயிரில் முகம் புதைந்து கிடந்த எனக்கு, குளம்படிச் சத்தமும், அடிவாரம் வரும்வரை என் முதுகிலிருந்து எடுபடாத முத்தக்காவின் சொரசொரப்பான கையும்தான் நினைவிருக்கின்றன. பிழைத்துக்கொண்டேன்.

இப்போது அங்கே உண்ணிச்செடிப் புதர் மட்டுமே.

"இங்க பாக்க ஒண்ணுமில்லம்மா, வாங்க" என்றார் வழிகாட்டி.

"நீங்க போங்க தம்பி. செத்த நேரம் நின்னுட்டு வாரேன்" என்று சொல்லி, செருப்பைக் கழற்றினேன்.